பிஸ்தூ சூப்: புரோவான்ஸ் பகுதியின் கோடைக்காலக் காய்கறிச் சூப்பை முறையாகச் சமைக்கும் வழி

பிரான்சின் தென்கிழக்கில், மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்த புரோவான்ஸ் பகுதியிலும் அதற்குக் கிழக்கே உள்ள நீஸ் நகரிலும், ஜூலை முதல் செப்டம்பர் வரை வீடுகளிலும் ஊர்த் திருவிழாக்களின் பொதுப் பந்திகளிலும் தவறாமல் இடம்பெறும் உணவு ‘சூப் ஓ பிஸ்தூ’. புதிதாக உரித்த பீன்ஸ் விதைகளையும் கோடைக்காய்கறிகளையும் வெறும் தண்ணீரில் நிதானமாக வேகவைத்து, பேசில் இலை, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை இடித்துச் செய்த ‘பிஸ்தூ’ என்னும் பச்சை விழுதைக் கடைசியில் கலந்து பரிமாறுவதே இதன் அடிப்படை. இறைச்சி இல்லை, எலும்புச் சாறு இல்லை, கடையில் வாங்கிய சூப் கட்டியும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு கிண்ணம் குடித்தாலே ஒரு வேளை உணவு முடிந்துவிடும் அளவுக்கு அடர்த்தியும் சத்தும் கொண்டது.

இந்தச் சூப்பைச் சமைப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டிய முதன்மையான செய்தி ஒன்று உண்டு. அடுப்பில் இருக்கும் பானைக்கும் உரலில் இருக்கும் விழுதுக்கும் தேவைப்படுவது நேரெதிரான பக்குவங்கள். காய்கறிகள் நன்றாக, நெடுநேரம், குழையும் நிலைக்கு அருகில் வரும்வரை வேக வேண்டும். பிஸ்தூவோ ஒரு நொடியும் கொதிக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகப் பானையில் போட்டுக் கொதிக்கவிடும் குறிப்புகள் பல உலவுகின்றன. அப்படிச் செய்தால் கிடைப்பது சாதாரணக் காய்கறிச் சூப்பாக இருக்குமே தவிர, பிஸ்தூ சூப்பாக இருக்காது.

எங்கிருந்து வந்தது

நீஸ் நகரம் 1860ஆம் ஆண்டில்தான் பிரான்சுடன் இணைந்தது. அதற்கு முன்பு அது சார்டீனிய அரசின் கீழ் இருந்தது. அதே அரசின் ஆட்சியில், 1815க்குப் பிறகு, இத்தாலியக் கடற்கரையில் உள்ள ஜெனோவாவும் இருந்தது. கடல்வழி வணிகமும் உறவுகளும் நெடுங்காலமாகப் பிணைத்திருந்த இந்தக் கரையோரத்தில், ஜெனோவாவின் ‘பெஸ்தோ’ என்னும் பேசில் விழுதும் புரோவான்சின் பிஸ்தூவும் உடன்பிறந்தவை போன்ற ஒற்றுமையுடன் இருப்பதில் வியப்பில்லை. ஜெனோவாவிலும் பெஸ்தோ சேர்த்த, மினஸ்ட்ரோனி என்னும் காய்கறிச் சூப் உண்டு. வேறுபாடு எளியது: ஜெனோவா பெஸ்தோவில் பைன் கொட்டைகள் சேரும், புரோவான்ஸ் பிஸ்தூவில் கொட்டை எதுவும் சேராது. அதனால் பிஸ்தூ மெலிதாகவும் பூண்டு வாசம் தூக்கலாகவும் இருக்கும். சூப்பில் விட்டவுடன் கரைந்து பரவும் தன்மையும் அதனால்தான் கிடைக்கிறது.

இந்தச் சூப்பின் காய்கறிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவை. பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு, சுக்கினியின் மூதாதையான பூசணி வகை ஆகிய நான்குமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்திற்குப் பிறகே அவை ஐரோப்பியத் தோட்டங்களில் வேரூன்றின. பேசிலும் ஆசியாவின் வெப்பப் பகுதிகளிலிருந்து சென்றதே. ஆகவே, நாம் இன்று ‘மரபு’ என்று சொல்லும் இந்தச் சூப்பின் இன்றைய வடிவம், அந்தக் காய்கள் அனைத்தும் புரோவான்ஸ் மண்ணில் பழகிய பின்னரே உருவாகியிருக்க முடியும்.

தேவையான பொருட்கள்

இங்கே தரும் அளவு ஆறு பேருக்கு வயிறு நிறையப் போதுமானது. இதைவிடக் குறைத்துச் செய்வதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல காய்கள் ஒரே பானையில் சேர்வதால் வரும் சுவை சிறு அளவில் வாய்ப்பதில்லை. மேலும் இது மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் உணவு.

சூப்புக்கு: உரித்த வெள்ளை பீன்ஸ் விதை 300 கிராம், உரித்த சிவப்பு அல்லது புள்ளி பீன்ஸ் விதை 200 கிராம், பச்சை பீன்ஸ் 250 கிராம், சுக்கினி 400 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், கேரட் இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, லீக்ஸ் தண்டு ஒன்று, நன்கு பழுத்த தக்காளி மூன்று, பூண்டு இரண்டு பல், பிரிஞ்சி இலை ஒன்று, தைம் கொத்து ஒன்று, சிறிய மக்ரோனி 100 கிராம், ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு, மிளகுத்தூள்.

பிஸ்தூவுக்கு: காம்பு நீக்கிய பேசில் இலை 60 முதல் 80 கிராம், பூண்டு நான்கு பல், முதல்தர ஆலிவ் எண்ணெய் 120 மில்லிலிட்டர், துருவிய பழுத்த சீஸ் 80 கிராம், கல்லுப்பு அரைத் தேக்கரண்டி. விருப்பமானால் தோல் நீக்கிய சிறு தக்காளி ஒன்று.

இவற்றுள் சிலவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சூப்பின் தரம் அடுப்புக்கு முன்னரே, சந்தையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

முதலாவது பீன்ஸ் விதைகள். புரோவான்ஸ் சந்தைகளில் கோடையின் நடுவே, முற்றிய ஆனால் காயாத பீன்ஸ் தோலோடு குவிந்திருக்கும். வெள்ளை விதை கொண்டது ‘கோக்கோ பிளான்’, செம்புள்ளிகள் கொண்டது ‘கோக்கோ ரூஷ்’. இவற்றை வேகவைக்கும்போது வெளியேறும் மாவுச்சத்துதான் வெறும் தண்ணீரைக் குழம்பு போன்ற அடர்த்திக்குக் கொண்டுவருகிறது. எலும்புச் சாறு தேவைப்படாததற்கு இதுவே காரணம். தோலோடு வாங்கினால் எடையில் ஏறத்தாழப் பாதிதான் விதையாகத் தேறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, கொடைக்கானல் மலைப்பகுதியில் விளைந்து பச்சையாகவே விற்பனைக்கு வரும் பட்டர் பீன்ஸ் வெள்ளை விதைக்கு மிகவும் பொருந்தும். அது கிடைக்காத காலத்தில் உலர்ந்த விதைகளைப் பயன்படுத்தலாம். உலர்ந்த விதை ஊறும்போது எடை இரு மடங்காகும் என்பதால், வெள்ளை விதை 150 கிராமும் ராஜ்மா 100 கிராமும் போதும்.

இரண்டாவது பேசில். சந்தையில் ‘ஸ்வீட் பேசில்’ அல்லது ‘இத்தாலியன் பேசில்’ என்று விற்கப்படும் வழவழப்பான, அகன்ற இலைதான் இதற்கு வேண்டும். நம் ஊர்த் தோட்டங்களில் வளரும் திருநீற்றுப்பச்சிலையும் அதே தாவர இனத்தைச் சேர்ந்ததுதான்; சப்ஜா விதை தருவது அச்செடியே. ஆனால் அதன் மணம் காரமும் மருந்து வாசமும் கூடியது. இனிய வகை கிடைக்காதவர்கள் அதைப் பயன்படுத்தலாம், தளிர் இலைகளை மட்டும் கிள்ளி, அளவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் சூப்பை அது விழுங்கிவிடாது. துளசி வேறு இனம், இதற்குச் சற்றும் பொருந்தாது. புதினாவும் கொத்தமல்லியும் நல்ல சட்டினி தரும், பிஸ்தூ தராது. பேசில் செடி விதையிலிருந்து எளிதில் முளைக்கும், சன்னலோரத் தொட்டியிலேயே வளரும். இச்சூப்பை அடிக்கடி செய்ய விரும்புவோர் இரண்டு மூன்று தொட்டி வைத்துக்கொள்வது நல்லது. கடையில் வாங்கியதானால் அதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் பேசில் இலை கறுத்துப்போகும். காம்புகளைத் தண்ணீர் உள்ள குவளையில் நிறுத்தி வெளியே வைத்தால் இரண்டொரு நாள் வாடாது.

மூன்றாவது சீஸ். நீஸ் பக்கம் பார்மிசானும், வேறு வீடுகளில் குருயேரும், மார்சேய் நகரில் நன்கு பழுத்த ஆரஞ்சு நிற மிமோலெத் அல்லது பழைய எடாமும் பயன்படும். பார்மிசான் உப்பும் கூர்மையும் தரும், குருயேர் கிண்ணத்தில் இழுபடும் நூல்களாக உருகும். இடிப்பதற்கும் கரைவதற்கும் பார்மிசானே சிறந்தது என்பது என் கருத்து. சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசல் பார்மிசான் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டைக் கொண்டே உறைய வைக்கப்படுகிறது. தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் கொண்டு செய்யப்பட்டதாக உறையில் குறிப்பிடப்பட்டிருக்கும் கெட்டி சீஸை அவர்கள் தேடி வாங்கலாம். சீஸை முற்றிலும் விட்டுவிடுவதும் மரபுக்குப் புறம்பானது அல்ல. இலை, பூண்டு, எண்ணெய் மூன்று மட்டுமே பிஸ்தூ என்றும், சீஸ் மேசையில் தனியே இருக்க வேண்டியது என்றும் உறுதியாகச் சொல்லும் குடும்பங்கள் அங்கே உண்டு.

சுக்கினி கிடைக்காவிட்டால் இளம் பரங்கிப் பிஞ்சு அதன் நெருங்கிய உறவு, தடையின்றிச் சேர்க்கலாம். லீக்ஸ் கிடைக்காவிட்டால் வெங்காயத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கேரட் சேரலாமா கூடாதா என்று புரோவான்சிலேயே வாக்குவாதம் உண்டு. இனிப்பு மேலோங்காத அளவில் சேர்ப்பதில் குற்றமில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் ஆகியவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அவற்றின் மணம் பேசிலோடு மோதும்.

முதல் படி: பீன்ஸ் விதைகளைத் தயார் செய்தல்

பச்சை விதைகளுக்கு ஊறவைக்கும் வேலை இல்லை. உரித்து, கழுவி, தனியே வைத்தால் போதும். உலர்ந்த விதைகளானால் முந்தைய இரவே, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கலந்து ஊறப் போட வேண்டும். உப்பு போட்டால் பயறு வேகாது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு, ஆனால் ஊறும் தண்ணீரில் சேரும் உப்பு விதைத்தோலில் உள்ள சுண்ணாம்புச் சத்தின் பிடியைத் தளர்த்தி, தோல் வெடிக்காமல் மிருதுவாக வேக உதவுகிறது. வேகாமல் தடுப்பது உப்பு அல்ல, புளிப்பும் கடின நீரும்தான். எனவேதான் இந்தச் சூப்பில் தக்காளி பின்னால் சேர்கிறது.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் விதைகளை வேகவைக்க வேண்டும். ராஜ்மா போன்ற சிவப்பு விதைகளில் இயற்கையாகவே லெக்டின் என்னும் நச்சுப் புரதம் மிகுதியாக உண்டு. அரைவேக்காட்டில் உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முழுக் கொதிநிலையில் அரை மணி நேரம் கொதித்தால் அந்த நச்சு அழியும். ஆகையால் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பானையில் இவ்விதைகளை நேரடியாகப் போடக் கூடாது. பிரஷர் குக்கரில் வேகவைப்பது பாதுகாப்பானது, விரைவானதும் கூட. ஊறிய விதைக்கு மூன்று நான்கு விசில் போதும். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் வடிவம் சிதையக் கூடாது. வெந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு சூப்பில் சேர்க்கவும். அதில்தான் அடர்த்தி இருக்கிறது.

இரண்டாம் படி: காய்களை நறுக்குதல்

கரண்டியில் ஒரே வாய்க்குப் பல காய்களும் சேர்ந்து வர வேண்டும் என்பதே நறுக்கும் அளவைத் தீர்மானிக்கிறது. சுக்கினி, கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாகவும், பச்சை பீன்ஸை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகவும் நறுக்கவும். ஓர் உருளைக்கிழங்கை மட்டும் தோல் சீவி முழுதாக விட்டுவைக்கவும். அதன் பயன் பின்னர் வரும். சுக்கினியின் தோலைப் பட்டை பட்டையாக, ஒன்று விட்டு ஒன்று சீவினால், சீவிய பகுதி கரைந்து சூப்புக்குத் திண்மை தரும், தோலுள்ள பகுதி துண்டாக நிற்கும். லீக்ஸின் அடுக்குகளுக்கிடையே மண் தங்கியிருக்கும் என்பதால் நீளவாக்கில் பிளந்து ஓடும் நீரில் அலச வேண்டும். தக்காளியின் அடியில் கீறலிட்டு, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் எளிதில் உரியும். விதைகளை நீக்கி, சதையைப் பொடியாக நறுக்கிக்கொள்ளவும்.

மூன்றாம் படி: பானையில் தொடங்குதல்

ஐந்து லிட்டருக்குக் குறையாத கனமான பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெயை மிதமான சூட்டில் காயவைத்து, வெங்காயமும் லீக்ஸும் சேர்த்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, மிகச் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வதக்கவும். இங்கே நிறம் மாறக் கூடாது. நம் குழம்புகளுக்கு வெங்காயம் பொன்னிறமாவது சுவை. இங்கே அது பொன்னிறமானால் சூப்பின் நிறமும் மணமும் வேறு திசையில் போய்விடும். மூடி போட்டு வதக்கினால் தன் நீரிலேயே மெத்தென்று வேகும். எண்ணெயில் வதக்காமல், எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பேற்றும் முறையும் பல வீடுகளில் இருக்கிறது. அது இன்னும் எளியது, தெளிந்த சுவையும் தரும். வதக்கிய முறை ஆழமானது. முதல் முறை செய்வோருக்கு இதையே சொல்வேன்.

வெங்காயம் கண்ணாடி போலானதும் நசுக்கிய பூண்டு இரண்டு பல், கேரட் ஆகியவற்றைச் சேர்த்து இரண்டு நிமிடம் கிளறி, உரித்து வைத்த பச்சை விதைகளைக் கொட்டி, இரண்டரை லிட்டர் தண்ணீர் ஊற்றவும். பிரிஞ்சி இலையும் தைமும் போடவும். விதைகளை ஏற்கெனவே வேகவைத்திருந்தால் இப்போது சேர்க்க வேண்டாம். அவை பின்னால், தக்காளியோடு சேரும். வேகவைத்த நீரை மட்டும் இப்போதே சேர்த்து, மொத்தம் இரண்டரை லிட்டர் வருமாறு பார்த்துக்கொள்ளவும். தண்ணீருக்குப் பதிலாகக் காய்கறிச் சாறோ கோழிச் சாறோ ஊற்றுவதால் சூப் மேம்படாது. காய்களின் தனிச்சுவையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எல்லாச் சூப்பும் ஒன்றுபோல் ஆகும் சுவையையே அவை தருகின்றன. சில வீடுகளில் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைப் போடும் வழக்கம் உண்டு. பேசிலுக்கு முன்னால் அது தேவையில்லை என்பதே என் துணிபு.

நான்காம் படி: நிதானமாக வேகவைத்தல்

தண்ணீர் பொங்கிக் கொதித்ததும் பத்து நிமிடம் அதே தீயில் கொதிக்கவிட்டு, மேலே திரளும் நுரையை எடுத்துவிடவும். பிறகு தீயைக் குறைத்து, அங்கங்கே குமிழி எழும் அளவில் இருபது நிமிடம் வேகவிடவும். பச்சை விதை பாதி வெந்த இந்த நிலையில் நறுக்கிய உருளைக்கிழங்கு, முழு உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ் ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பிட்டு, மேலும் பதினைந்து நிமிடம் விடவும். அதன் பின்னர் சுக்கினியும் தக்காளியும், முன்னரே வெந்த விதை இருந்தால் அதுவும் சேர்த்து இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடம்.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பச்சை பீன்ஸ் பளிச்சென்று பச்சையாகவும் கடித்தால் நறுக்கென்றும் இருக்க வேண்டும் என்ற இன்றைய உணவகப் பழக்கம் இச்சூப்புக்கு ஒவ்வாது. பீன்ஸ் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறி, நாவாலேயே நசுங்கும்வரை வேக வேண்டும். பானை மங்கலாகத் தெரிவதைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை. இழந்த பச்சை நிறத்தைப் பிஸ்தூ திருப்பித் தந்துவிடும். இடையிடையே அடிவரை கிளறிக்கொடுப்பதும், தண்ணீர் காய்களுக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்குமாறு பார்த்துக் கொதிநீர் சேர்ப்பதும் அவசியம். குளிர்நீர் ஊற்றினால் கொதி அடங்கி, விதைகள் வேகும் நேரம் நீளும்.

காய்கள் வெந்ததும் முழு உருளைக்கிழங்கைக் கரண்டியால் எடுத்து, தட்டில் வைத்து முள்கரண்டியால் மசித்து, கரைத்துப் பானையில் திரும்பச் சேர்க்கவும். விதைகளில் ஒரு கரண்டியும் அவ்வாறே மசித்துச் சேர்க்கலாம். பிளெண்டரை இதற்குள் விட வேண்டாம். இது காய்கள் துண்டு துண்டாகத் தெரிய வேண்டிய சூப். அடர்த்தி சாற்றில் இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: மக்ரோனி

பரிமாற எண்ணும் நேரத்திற்கு அரை மணி நேரம் முன்னதாக மக்ரோனியைப் போட்டு, உறையில் குறித்த நேரத்தை விட ஒரு நிமிடம் குறைவாக வேகவிடவும். வளைந்த சிறு மக்ரோனி, உடைத்த ஸ்பகெட்டி, சேமியா மூன்றுமே அங்கே வழக்கத்தில் உள்ளவை. சேமியாவானால் வறுக்காதது வேண்டும், மூன்று நிமிடம் போதும். மக்ரோனி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், மறுநாளைக்கு எடுத்துவைக்கப் போகும் சூப்பை இதற்கு முன்னரே வேறு பாத்திரத்தில் பிரித்துவிடுவது அறிவுடைமை. பிறகு பிரிஞ்சி இலையையும் தைம் காம்பையும் எடுத்துவிட்டு, உப்பைச் சரிபார்க்கவும். சுவைக்கும்போது உப்பு சற்றே குறைவாகத் தோன்ற வேண்டும். சீஸும் பிஸ்தூவின் உப்பும் இன்னும் சேரவில்லை.

அடுப்பை அணைத்து, மூடி போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடவும். பிஸ்தூவை இடிக்க இதுவே நேரம்.

ஆறாம் படி: பிஸ்தூ இடித்தல்

புரோவான்ஸ் வீடுகளில் இதற்கென்றே பளிங்கு உரலும் ஆலிவ் மரத்தால் ஆன குழவியும் இருக்கும். நம் வீடுகளில் இஞ்சி பூண்டு இடிக்கும் கல்லுரல் இந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். மிளகாயும் மசாலாவும் இடித்த வாசம் போக, ஒரு பிடி அரிசியைக் கல்லுப்போடு இடித்துக் கொட்டிவிட்டுக் கழுவினால் போதும். இலைகளைக் கழுவி, துணியில் ஒற்றி, முற்றிலும் ஈரம் போக்கிக்கொள்ளவும். ஈர இலை விழுதை நீர்க்கச் செய்யும், விரைவில் கறுக்கவும் வைக்கும்.

பூண்டுப் பல்லைப் பிளந்து, நடுவே பச்சை முளை இருந்தால் அகற்றவும். அது பச்சையாக உண்ணப்படும்போது நெடியும் கசப்பும் கூட்டும். பூண்டையும் கல்லுப்பையும் முதலில் இடித்து, துணுக்குத் தெரியாத பசையாக்கவும். உப்பு இங்கே சுவைக்காக மட்டும் இல்லை, பூண்டை அரைத்துக் குழையவைக்கும் உராய்வையும் அதுவே தருகிறது. அடுத்து இலைகளைக் கையால் கிழித்து, ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டு, ஓங்கிக் குத்தாமல், குழவியை உரலின் பக்கவாட்டில் அழுத்திச் சுழற்றித் தேய்க்கவும். ஒரு பிடி மசிந்த பின்னரே அடுத்த பிடி. இலைகள் அனைத்தும் ஈரப்பசையான விழுதாகி, இலை நரம்பு கண்ணுக்குத் தெரியாத நிலை வந்ததும், விரும்பினால் தக்காளியைச் சேர்த்து மசிக்கவும். மார்சேய் பக்கம் தக்காளி சேர்ப்போர் உண்டு. அது விழுதை இளக்கி, புளிப்பைக் கூட்டி, நிறத்தைச் சற்று மங்கச் செய்யும். பின்னர் துருவிய சீஸில் பாதியைச் சேர்த்துக் கலந்து, ஆலிவ் எண்ணெயை நூல்போல் ஊற்றிக்கொண்டே குழவியைச் சுழற்றவும். கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதமே சரியான பதம். எண்ணெய் மேலே பிரிந்து மிதந்தாலும் கெடுதல் இல்லை, சூப்பில் அது கலந்துவிடும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். பேசிலின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதிசூட்டில் அவை காற்றோடு போய்விடும். இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதிகள் காற்றுடன் சேர்ந்து விழுதைக் கறுக்கவைக்கத் தொடங்கும். எனவே சாப்பிடுவதற்குச் சிறிது முன்னர் இடிப்பதும், இடித்ததும் எண்ணெயால் காற்றை மறைப்பதும், சூட்டிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரே நோக்கத்துக்கானவை.

மிக்ஸிதான் உண்டென்றால், அதன் சிறிய ஜாரில் முதலில் பூண்டு, உப்பு, பாதி எண்ணெய் ஆகியவற்றை அரைத்து, பிறகு இலைகளைப் போட்டு, தொடர்ந்து ஓடவிடாமல் விட்டு விட்டு ஓட்டவும். கத்தி சுழலும் சூடு இலையைக் கறுக்கச் செய்யும் என்பதால் ஜாரை முன்கூட்டியே குளிர்பெட்டியில் வைத்திருப்பது உதவும். சீஸையும் மீதி எண்ணெயையும் கையால் கலக்கவும். இந்த விழுது நன்றாகவே இருக்கும். உரலில் தேய்த்ததன் கிறங்கவைக்கும் மணம் மட்டும் இதில் ஒரு படி குறையும். ஆறு பேருக்கான இலையைக் கையால் தேய்க்கக் கால் மணி நேரம்தான் ஆகும். இயன்றவர்கள் உரலைத் தேர்ந்தெடுப்பார்களாக.

ஏழாம் படி: சேர்த்தலும் பரிமாறலும்

இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, ஆறிய பானையிலிருந்து ஒரு கரண்டிச் சாற்றை எடுத்து உரலில் ஊற்றி விழுதை இளக்கி, அதைப் பானையில் சேர்த்து ஒருமுறை கிளறிப் பரிமாறுவது. இரண்டு, விழுதை உரலோடு மேசையில் வைத்து, அவரவர் கிண்ணத்தில் வேண்டிய அளவு போட்டுக்கொள்வது. இரண்டையும் சேர்த்துச் செய்வது சிறந்தது: மூன்றில் இரண்டு பங்கைப் பானையில் கலந்து, மீதியை மேசைக்கு அனுப்பினால், சூப் முழுவதும் மணம் ஊறியிருக்கும், பூண்டு அதிகம் விரும்புவோரும் நிறைவடைவார்கள். மீதமுள்ள சீஸ், மிளகுத்தூள், சற்றே மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டித் துண்டுகள் ஆகியவற்றை உடன் வைக்கவும்.

ஆவி பறக்கும் சூட்டில் இதைப் பரிமாறுவதில்லை. நாக்கு சுடாத இளஞ்சூட்டிலும், கோடையின் உச்சத்தில் அறை வெப்பத்திலும், மறுநாள் குளிர்ந்த நிலையிலும் உண்பதே அங்குள்ள வழக்கம். பேசிலும் ஆலிவ் எண்ணெயும் மிதசூட்டில்தான் தங்கள் முழு வாசத்தையும் காட்டும் என்பதால் அந்த வழக்கத்தில் நல்ல காரணம் இருக்கிறது. வெப்பம் மிகுந்த நம் ஊர்களிலும் இந்தச் சூப்பை இளஞ்சூட்டில் குடித்துப் பார்ப்பவர்களுக்கு அதன் அருமை உடனே புலப்படும்.

குறை தென்பட்டால் சரிசெய்ய

சூப் நீர்த்திருந்தால் மேலும் ஒரு கரண்டி விதையை மசித்துச் சேர்க்கவும். சோளமாவு கரைத்து ஊற்ற வேண்டாம். இறுகிவிட்டால் கொதிநீரால் இளக்கி, உப்பை மறுபடியும் பார்க்கவும். விதைகள் நெடுநேரமாகியும் வேகவில்லை என்றால் பெரும்பாலும் அவை பழையவை, அல்லது தண்ணீர் கடினமானது. ஊறவைக்கும் நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்ப்பது அடுத்த முறை உதவும். பூண்டின் நெடி அதிகமாகத் தெரிந்தால் சீஸையும் எண்ணெயையும் கூட்டுவதே வழி, சர்க்கரை சேர்ப்பது அல்ல. சூப் சப்பென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் உப்பாகவோ எண்ணெயின் தரமாகவோ இருக்கும். மணமற்ற, சுத்திகரித்த ஆலிவ் எண்ணெயால் பிஸ்தூவுக்கு உயிர் வராது. விலை அதிகமானாலும் முதல்தர எண்ணெயைப் பிஸ்தூவுக்கும், மலிவானதை வதக்குவதற்கும் வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

எடுத்துவைத்தல்

மக்ரோனியும் பிஸ்தூவும் சேராத சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும், மறுநாள் சாறு இன்னும் செறிவடையும். உண்ணும்போது கொதிக்கவைத்து, புதிதாக மக்ரோனி போட்டு, இறக்கி ஆறிய பின்னர் பிஸ்தூ சேர்க்கலாம். பிஸ்தூ கலந்துவிட்ட சூப்பை மீண்டும் கொதிக்கவைத்தால் மணம் போய்விடும். அதைக் குளிர்ந்தபடியோ அறை வெப்பத்துக்கு வரவிட்டோ உண்பதே நல்லது.

மீந்த பிஸ்தூவைச் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அழுத்தி, மேலே ஒரு படலமாக ஆலிவ் எண்ணெய் ஊற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டை அறை வெப்பத்தில் வைப்பது பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய்க்கு இடம் தரும், ஆகவே அடுப்பங்கரை அலமாரியில் ஒருபோதும் விட்டுவைக்கக் கூடாது. நெடுநாளைக்கு வேண்டுமானால் சீஸ் சேர்க்காத விழுதைப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைக்கலாம். ஒரு கிண்ணச் சூப்புக்கு ஒரு கட்டி சரியாக இருக்கும். சீஸை அப்போது துருவிக்கொண்டால் போதும்.